மணிக்குப் பதிலாக ஓம் சொன்னது யார்

2018 செப்டெம்பர் 11, செவ்வாய்

அம்மா கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். கணக்கப்பிள்ளை மட்டும் அம்மா வெளியே போய்விட்டதாகச் சொல்கிறது.

கணக்கப்பிள்ளை மனிதர் இல்லை, ஒரு பழைய லப்டொப். என் அண்ணா எமிலோடு ஆஸ்பத்திரியில் ஒரே வார்ட்டில் கிடந்த அன்ரனி அண்ணா இப்போது நோர்வேயில். அவர்தான் அனுப்பினார். வீட்டுச் சாமான்களைத் தானாக இயக்குகிற ஒரு மென்பொருள் அதற்குள் இருக்கிறது. ஃபான், லைட், ரேடியோ எல்லாம் அதன் சொல் கேட்கும். கூடவே சிவப்பாக, கோப்பைத் தட்டு அளவில் ஒரு பொத்தான். அது சுவர்ப் பிளக்கில் ஓடுவது. அண்ணா வலது மணிக்கட்டால் அமத்தினால் வைஃபை வழியாக லப்டொப்புக்குப் போகும். லப்டொப் கத்தும், நான் எங்கே நின்றாலும் என் போனும் கத்தும். நாங்கள் அதை மணி என்கிறோம்.

2009இல் அண்ணாவின் கழுத்தில் ஷெல் துண்டு பட்டது. கழுத்துக்குக் கீழே அந்த வலது மணிக்கட்டு ஒன்றுதான் அவர் சொல் கேட்கும். மிச்சம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாய் வேலை செய்கிறது.

மணி இருந்தால் மட்டும் போதாது. மணி உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த வாரம் முழுக்க மண்டையை உடைத்தோம். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறது. கணக்கப்பிள்ளை அந்த இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு “இருக்கிறாயா?” என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் ‘உள்ளே’. வராவிட்டால் ‘வெளியே’. மணி, ஃபான், எங்கள் மூன்று பேரின் போன்கள், எல்லாவற்றின் இலக்கங்களையும் கொடுத்துவிட்டேன். ஆங்கிலத்தை அண்ணா வாசித்தார், நான் தட்டினேன்.

“எடி, புள்ளி போடச் சொன்னா கமா போட்டிருக்கிறாய். பத்தாம் ஆண்டு மட்டும் உனக்கு என்னத்தைப் படிப்பிச்சவை?”

“உங்களைப் பிரட்டிக் கிடத்தப் படிப்பிச்சவை.”

அவர் சிரித்தார். அண்ணாவோடு எனக்கு வாய் வரும். வேறு யாரும் வாசலில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது ஏன்?

அம்மாவின் விஷயம் பிறகு விளங்கியது. போன் தூங்கினால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ‘வெளியே’ என்று எழுத வேண்டும் என்று மாற்றினேன்.

இப்போது அம்மா உள்ளே. குறட்டையும் உள்ளே.


செப்டெம்பர் 14, வெள்ளி

மாக்கிறட் பெரியம்மா பள்ளிமுனையிலிருந்து வந்தார். அம்மாவின் அக்கா. வந்தால் கதிரையில் இருக்கமாட்டார், நின்றுகொண்டே தீர்ப்புச் சொல்வார்.

“எடித், நான் சொல்லுறதைக் கேள். நீ விடிய நண்டுக் கொம்பனி பஸ்ஸில ஏறினா பொழுதுபடத்தான் வாறாய். இந்தப் பிள்ளை பதினேழு வயசில கிழவி மாதிரித் திரியுது. வவுனியாப் பக்கம் சிஸ்டர்மார் நடத்துற இல்லம் ஒண்டு இருக்கு. எமிலை அங்க விட்டா இவளைத் தையலுக்கு அனுப்பலாம். பேந்து ஒரு நல்ல இடமாப் பாத்து...”

அண்ணா பக்கத்துக் கட்டிலிலேயே கிடக்கிறார். அவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்தாரோ?

“தம்பி, சிஸ்டர்மார் தங்கமான ஆக்கள்.”

“அவ்வளவு தங்கமெண்டா நீங்கள் போய் இருங்கோவன் பெரியம்மா. உங்களுக்கும் முழங்கால் ஏலாது.”

அம்மா உப்புத் தண்ணீரில் வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் நின்று, துருவி முடிந்த தேங்காயைத் திரும்பவும் துருவினேன். சிரட்டைத் தூள் சொதிக்குள் போய்விட்டது.

எனக்காக. எனக்காக. எல்லாம் எனக்காகவாம். நான் கேட்டேனா? என்னிடம் யாராவது கேட்டார்களா? பள்ளிக்கூடத்தை விட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள், ‘பிள்ளையின்ர நன்மைக்கு’. என் நன்மை மற்றவர்களுக்கு மட்டும்தான் தெரிகிறது.

இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், கோழை.


செப்டெம்பர் 20

அண்ணா ஆங்கிலத்தில் “ஃபானைப் போடு” என்று வாயால் சொல்லிப் பழகுகிறார். ஃபான் சுற்றவில்லை. ரேடியோ பாடியது.


அக்டோபர் 3, புதன்

எங்கள் கிணறு உப்பு. திரும்பி வந்து குடியேறிய நாளிலிருந்து குடிக்கிற தண்ணீர் பக்கத்து வீட்டு ஸுஹறா ராத்தாவின் கிணற்றில்தான். நாங்கள் முகாமிலிருந்து வந்தோம், அவர்கள் 1990இல் துரத்தப்பட்டுப் போயிருந்த புத்தளத்திலிருந்து வந்தார்கள். ஒரே வீட்டுத்திட்டம், ஒரே மாதிரித் தகரக் கூரை. ராத்தாவின் கிணற்றில் மட்டும் எப்படியோ நல்ல தண்ணீர். குடத்தோடு போகிற யாரையும் அவர் ஏன் என்று கேட்டதில்லை.

வைஃபையும் அப்படித்தான் ஆகிவிட்டது. இந்தப் பக்கம் போனில் சிக்னல் பிடிப்பது கஷ்டம். நாங்கள் கூரைக்கு மேலே குழாயில் அன்ரெனா கட்டியதால் எங்களுக்கு நன்றாக வருகிறது.

“புள்ள, உங்கட வைஃபை எங்கட குசினி மட்டும் வருது. பாஸ்வேர்டைத் தாவன். மகன் கட்டாரிலயிருந்து கோல் எடுத்தா மூஞ்சி பாதியில விறைச்சுப்போய் நிக்குது. என்ன சொன்னான், சாப்பிட்டானா, ஒண்டும் விளங்குதில்ல.”

கொடுத்தேன். பிறகு ராத்தாவின் தமையன் கலந்தர் நானா கேட்டார். பிறகு முன்வீடு. பிறகு மூலைவீடு. பின்னேரங்களில் எங்கள் வேலிக்கு வெளியே ஆட்கள் குந்திக்கொண்டு போனைப் பார்க்கிறார்கள். தண்ணீருக்கு நிற்கிற மாதிரியே.

அன்ரனி அண்ணா குரல் செய்தியில் ஏசினார்: “எல்லாருக்கும் குடுக்காதேங்கோடா, அது பாதுகாப்பில்லை.”

எமில் அண்ணா சொன்னார்: “அவனுக்கென்ன, நோர்வேயில கிணத்துத் தண்ணி உப்பில்லை.”


அக்டோபர் 14, ஞாயிறு

பூசை முடிந்து அம்மா வீட்டுக்குப் போனார். நான் தனியாகக் கடற்கரைக்குப் போனேன். ஒரு வேலைக்கும் இல்லை. சும்மா.

போனைப் பார்த்தேன். மணி: உள்ளே.

இறால் வலையைக் காயப்போட்டிருந்தார்கள். நாய் ஒன்று அதன்மேல் படுத்திருந்தது. நான் நின்றேன். திரும்பவும் பார்த்தேன். உள்ளே. இன்னும் கொஞ்சம் நின்றேன்.


அக்டோபர் 17, புதன்

அண்ணா மன்னார் ஆஸ்பத்திரியில.

எழுத ஏலாமக் கிடக்கு. எழுதாமலும் இருக்க ஏலாது.

காலமை இடி. இடியெண்டா அம்மா எல்லாப் பிளக்கையும் கழட்டுவா, ஃபான் ரவுட்டர் மணி ஒண்டும் விடமாட்டா. மழை விட்டதும் திரும்பச் செருகிப்போட்டு பஸ்ஸுக்கு ஓடினா. நான் சிலாவத்துறைக் கிளினிக்குக்குப் போனன், அண்ணாவின்ர மூத்திரம் பிடிக்கிற சலப்பை எடுக்க. போற வழியெல்லாம் பாத்தன் — மணி: உள்ளே. திரும்பி வரேக்க மழை பிடிச்சுது. ஒரு கடை வாசலில ஒதுங்கி நிண்டன். ஏன் நிண்டனான்? நனைஞ்சா என்ன, கரைஞ்சா போயிருப்பன்? உள்ளே எண்டு போட்டிருந்ததாலதான் நிண்டனான்.

வந்து பாத்தா அண்ணாவின்ர முகம் செத்தல் மிளகாய் மாதிரி. நெத்தியால வேர்வை ஊத்துது. சலக்குழாய் அடைச்சு வயிறு கல்லாக் கிடக்கு. அப்பிடி அடைச்சா அவருக்குப் பிறஷர் ஏறி உயிருக்கே ஆபத்து. மணிக்கட்டில தோல் உரிஞ்சிருக்கு — அவ்வளவு அமத்தியிருக்கிறார். கத்தினவராம். அவருக்கு மூச்சுக் காணாது, தகரத்தில மழை. பக்கத்து வீட்டில ராத்தா இருந்தவ. அவவுக்கும் கேக்கேல்லை.

கலந்தர் நானா தன்ர உழவு மிசின், லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள்ள மெத்தையைப் போட்டு ஏத்தினார். சிலாவத்துறையில குழாயை மாத்திப்போட்டு அம்புலன்ஸில மன்னாருக்கு விட்டவை. தலையிடியால கண் திறக்கேலாமக் கிடந்துகொண்டு, “அழாதையடி, மூக்கு வடிஞ்சு என்ர முகத்தில விழுகுது” எண்டு சொல்லுறார்.

மணி செத்துத்தான் கிடந்தது. லைட் எரியேல்லை.

என்ர போனில இப்பவும் — உள்ளே.


அக்டோபர் 19, வெள்ளி

இனிப் பயமில்லை என்று டொக்டர் சொன்னார். ஆனாலும் சில நாள் வார்ட்டிலேயே மறித்து வைக்கப்போகிறார்களாம்.

வார்ட் வாசலில் பெரியம்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “விளையாட்டுச் சாமானை நம்பி ஒரு உயிரைத் தனிய விட்டிட்டு உலாத்தப் போனவள்.” நேர்ஸ் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியும் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் இல்லத்துச் சிஸ்டர் வந்து அண்ணாவைப் பார்ப்பாராம். சரியென்றால் அன்றைக்கே கொண்டுபோவார்களாம். அம்மா தலையாட்டினார். அம்மாவை நான் ஏசவில்லை. நித்திரை இல்லாமல் நின்றுகொண்டிருந்த மனுசி, யார் என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. கணக்கப்பிள்ளைக்குப் பொய் சொல்கிற அளவுக்கு மூளை இல்லை. கேட்டால் கேட்கும், பதில் வந்தால் எழுதும். செத்துக்கிடந்த மணி எப்படிப் பதில் சொன்னது?

இது தெரியாமல் அண்ணாவை யாரும் ஏற்ற விடமாட்டேன். தெரிந்த பிறகும் விடமாட்டேன்.


அக்டோபர் 24, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

அண்ணா நேற்று வீட்டுக்கு வந்தார். இன்றைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“என்னடி, மீன் குழம்பை விட உன்ர மூஞ்சி புளிக்குது?”

“மணி செத்துக் கிடந்தது அண்ணா. நான் கேக்கேக்க எல்லாம் ஓம், ஓம் எண்டு பதில் வந்தது. அது எப்பிடி?”

அவர் மென்றுகொண்டே யோசித்தார்.

“முகாமில எண்ணுறது உனக்கு ஞாபகம் இராது, நீ சின்னன். விடிய ஆமிக்காரர் வந்து இலக்கத்தைக் கூப்பிடுவாங்கள். நான் பாயில கிடந்து கேட்டுக்கொண்டிருப்பன். ஆள் குளிக்கப் போயிருந்தா, பக்கத்தில நிக்கிறவன் ஓம் எண்டுவான். இலக்கத்துக்கு ஒரு ஓம் வந்தாக் காணும், முகத்தை ஆர் பாத்தது? பஸ்ரியன் எண்டு ஒருத்தன், ஒரே காலமை நாலு பேருக்கு ஓம் சொன்னவன். நாலு குரலில. ஒண்டு பொம்பிளைக் குரல்.”

சோற்றுக் கையோடு எழும்பி லப்டொப்புக்கு ஓடினேன். “எடி, மிச்சச் சோறு!” என்று பின்னால் கத்தினார்.

மணிக்கென்று நான் எழுதிக் கொடுத்த இலக்கம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று ரவுட்டருக்குள் பார்த்தேன். ஒரு போனின் பெயர் வந்தது. எங்கள் போன் இல்லை. அந்த மாதிரிப் போனை யார் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

வேலியால் எட்டிப் பார்த்தேன். ராத்தா கிணற்றடியில் குந்தியிருந்து ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“ராத்தா, உங்கட போனை ஒருக்கா நிப்பாட்டுங்கோ.”

“ஏன் புள்ள, போன் என்ன பாவம் செஞ்சிச்சு?”

“ஒருக்கா. கெதியா.”

செதிள் கையைச் சீலையில் துடைத்துவிட்டு நிறுத்தினார். நான் என் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு — மணி: வெளியே.

“இப்பப் போடுங்கோ.”

மணி: உள்ளே.

வேலியைப் பிடித்துக்கொண்டே மண்ணில் இருந்துவிட்டேன். அன்றைக்கு அம்மா ரவுட்டரைக் கழற்றித் திரும்பச் செருகியதும், வீட்டுத்திட்டத்துப் போன்கள் எல்லாம் முட்டி மோதிக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றன. ரவுட்டர் இலக்கங்களைப் புதிதாகப் பங்கிட்டது. மணி எழும்பவில்லை, திரும்பச் செருகியபோது ஏறி இறங்கிய கரண்டில் அதன் வயர்ப்பெட்டி எரிந்துபோயிருந்தது. அதன் இலக்கம் ராத்தாவின் போனுக்குப் போனது. நான் சிலாவத்துறை றோட்டில் நின்று “இருக்கிறாயா?” என்று கேட்கக் கேட்க, ராத்தாவின் குசினியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கிடந்த போன் “ஓம்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கும் பொய் சொல்லத் தெரியாது. அதுவும் உண்மையிலேயே இருந்தது.

நான் மணியைக் கேட்கவில்லை. இலக்கத்தைக் கேட்டேன். அது என் பிழை. மறைக்கமாட்டேன். ஆனால் திருத்தலாம்.


அக்டோபர் 26, வெள்ளி

அம்மாவிடம் விளக்கினேன். அவர் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“அப்ப ஊருக்கெல்லாம் குடுத்ததாலதான் இவ்வளவும். இண்டைக்கே பாஸ்வேர்டை மாத்து.”

“மாத்தமாட்டன்.”

அம்மா என்னைப் பார்த்தார். நானும் என்னைப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. அம்மாவிடம் ‘மாட்டேன்’ என்று முன்னர் எப்போது சொன்னேன்? ஞாபகமில்லை.

“ராத்தா எங்களுக்குக் கிணத்தை மூடினவவோ? அண்ணாவை லாண்ட்மாஸ்டரில ஏத்தினது ஆர்? நாங்கள் படலையைச் சாத்திப்போட்டு இருந்தா அடுத்தமுறை ஆர் வாறது?”

“எனக்கு உன்னோட கதைக்க நேரமில்லை, பஸ் வரப்போகுது” என்றார். அது சம்மதம்தான்.

ஒவ்வொரு கருவிக்கும் செய்யும்போதே உள்ளே பதித்த ஓர் எண் இருக்கிறது. அது யாருக்கும் மாறாது. மணியின் எண்ணை ரவுட்டருக்குச் சொல்லி, ஓர் இலக்கத்தை அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். மணி செத்தாலும் சரி, எத்தனை நாள் வராவிட்டாலும் சரி, அந்த இடத்தில் வேறு யாரையும் குடியேற்றக்கூடாது. இடம் வெறுமையாகக் கிடக்கட்டும். வெறுமையாகக் கிடந்தால்தான் ஆள் இல்லையென்று தெரியும். ஃபானுக்கும் அப்படியே செய்தேன். எரிந்த வயர்ப்பெட்டிக்குப் பதிலாகப் பழைய போன் சார்ஜர் ஒன்று பொருந்தியது.

இடியென்றால் ரவுட்டரையும் மணியையும் கழற்றாமல் இருக்க அம்மாவைக் கேட்கவில்லை. அம்மா கழற்றுவார். கலந்தர் நானா ஒரு பழைய லாண்ட்மாஸ்டர் பற்றறி தந்தார். இனி இரண்டும் அதில் ஓடும். சுவரிலிருந்து எதைக் கழற்றினாலும் கழற்றட்டும்.


அக்டோபர் 28, ஞாயிறு

இன்றைக்குச் செய்ததை நானே நம்பவில்லை. வீடு வீடாகப் போனேன்.

யோசனை அண்ணாவுடையது, நடந்தது என் கால். எங்கள் வைஃபையில் அயலவர்களின் போன்களும் இருக்கின்றன. மணி அடித்தாலோ செத்தாலோ, என்னோடு சேர்த்து அந்த நேரம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் செய்தி போனால் என்ன? அதற்குக் கணக்கப்பிள்ளை அவர்களின் போன்களையும் எண்ண வேண்டும். எண்ணினால் அவர்கள் எப்போது வீட்டில், எப்போது வெளியே என்பது எங்களுக்குத் தெரியவரும். அதைச் சொல்லாமல் செய்வது களவு. சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பதென்றால் வாய் திறக்க வேண்டும்.

முன்வீட்டு வாசலில் நின்றபோது பாடமாக்கி வந்த வசனம் பறந்துவிட்டது. “மணி... அண்ணா... உங்கட போன்...” என்றேன். அந்த அக்கா, அண்ணாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று செருப்பில்லாமல் ஓடிவந்தார். பாதி வழியில் மறித்துச் சொன்னேன். சிரித்துவிட்டு ஓம் என்றார்.

மூலைவீட்டில் வேண்டாம் என்றார்கள். சரியென்று வந்துவிட்டேன். அவர்களுக்கு வைஃபை இருக்கும், கணக்கில் இருக்கமாட்டார்கள்.

ராத்தா: “நான் எப்ப வெளிய போறன் எண்டு உனக்குத் தெரிஞ்சா என்ன புள்ள, நான் படலையைத் துறந்தா கொண்டச்சி ஊர் மட்டும் சத்தம் கேக்கும்.”

கலந்தர் நானா தாடியைச் சொறிந்தார். “எனக்கு ஓம். ஆனா என்ர பொஞ்சாதிக்கு மட்டும் அதைக் காட்டிப்போடாத. நான் வயலிலதான் நிக்கிறன் எண்டு சொல்லியிருக்கன்.”


நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் திருநாள். சேமக்காலைக்கு எல்லாரும் போய்விட்டார்கள். போனில் பார்த்தேன்: எங்கள் பக்கத்துப் போன்கள் எல்லாம் வெளியே. அண்ணாவோடு சேர்த்து ராத்தாவும் கலந்தர் நானாவின் மனைவியும் மட்டும் உள்ளே.

அப்பாவின் குழியில் மெழுகுதிரி கொளுத்தி, அது அணையும்வரை நின்றேன். ஓடவில்லை.


நவம்பர் 10, சனி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

பெரியம்மாவும் இல்லத்துச் சிஸ்டரும் வான் வண்டி பிடித்து வந்தார்கள். பெரியம்மா அண்ணாவுக்குப் புதுச் சாரம் வாங்கி வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

“எடித், சாமான் எல்லாம் அடுக்கியாச்சோ?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் அறை வாசலில் நின்றேன். நிலையைப் பிடித்திருந்தேன்.

“அண்ணா வரமாட்டார், பெரியம்மா.”

“ஆர் சொன்னது?”

“நான்.”

“நீ ஆரடி சொல்ல?”

“அவரைப் பிரட்டுறவள்.”

என் குரல் என்னுடையது மாதிரி இல்லை, மெல்லிசாக, கீச்சென்று. ஆனால் நின்றுவிடவில்லை.

“போன மாசம் செத்துப் பிழைச்சவன்! உன்ர மிசின் திரும்பவும் பிழை விட்டா?”

“பிழை விடும். விட்டா உடன எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமில்லை, பக்கத்தில ஆர் நிக்கினமோ அவைக்கும் தெரியும். முந்தி அது தெரியாது. அது என்ர பிழை. இப்பத் தெரியும்.”

“எடி விசரி, உன்ர நன்மைக்குத்தானேயடி நான்—”

“எனக்காக எண்டு சொல்லாதேங்கோ. உங்களுக்குப் பயமெண்டா பயமெண்டு சொல்லுங்கோ. எனக்கும் பயம்தான். ஆனா என்ர பேரைச் சொல்லி அவரை ஏத்தாதேங்கோ. நாளைக்கு நான் எங்க போனாலும், அண்ணாவை அனுப்பித்தான் போனன் எண்டு இருக்க எனக்கு ஏலாது.”

பெரியம்மா கதிரையில் இருந்தார். அவர் எங்கள் வீட்டில் கதிரையில் இருந்ததை இன்றைக்குத்தான் கண்டேன்.

சிஸ்டர் என்னைக் கடந்து அண்ணாவிடம் போனார். “எமில், உம்மட விருப்பம் என்ன?”

எதற்கும் உடனே வாய் காட்டுகிற அண்ணா முகட்டைப் பார்த்தார்.

“ஒருத்தரும் கேக்கேல்லை சிஸ்டர். அதால யோசிச்சு வைக்கேல்லை.” பிறகு, “இஞ்சதான். உங்கட இடத்தில இவளைப் போலச் சண்டைபிடிக்க ஆள் கிடையாது.”

சிஸ்டர் அவரைச் சரித்து முதுகையும் குதிக்கால்களையும் பார்த்தார். விரலால் அமத்தி அமத்திப் பார்த்தார். “படுக்கைப்புண் ஒண்டும் இல்லை, மாக்கிறட்” என்றார். “எங்கட பிள்ளையளுக்கே சிலநேரம் வந்திடும்.”

பிறகு என்னிடம் கேட்டார்: “உமக்கு ஒரு காய்ச்சல், வருத்தமெண்டா?”

வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது:

“ஏன், நாங்க என்ன மவுத்தாயா போயிட்டம்?”

இவ்வளவு நேரமும் ராத்தா அங்கேதான் நின்றிருக்கிறார். அண்ணா சிரிக்கத் தொடங்கினார். அவருக்கு மூச்சு முட்டியது. சிஸ்டரும் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை.

“அக்கா, தேத்தண்ணியைக் குடி. ஆறப்போகுது” என்றார் அம்மா. இன்றைக்கு அவர் சொன்னது அது ஒன்றுதான். எனக்கு அது போதும்.

வான் வெறுமையாகத் திரும்பிப் போனது. சாரம் இங்கே இருக்கிறது.


நவம்பர் 11

பெரியம்மா போன் எடுக்கிறார் இல்லை. எடுக்காமல் இருக்கட்டும். நான் சொன்னதில் ஒன்றையும் திருப்பி எடுக்கப்போவதில்லை.


டிசெம்பர் 5, புதன்

மணி செத்தது. பகல், நான் கடையில் பருப்பு வாங்கிக்கொண்டு நின்றபோது.

மணி: வெளியே. போன் கத்தியது. கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வீட்டுக்கு ஓடி வந்தபோது ராத்தா எனக்கு முன்னால் கட்டிலடியில் நின்றார், மீன் வெட்டுகிற கத்தியோடு.

“மணி செத்த செய்தியை விட இவ கத்தியோட பாஞ்சு வந்ததிலதான் என்ர உயிர் போகப் பாத்தது” என்றார் அண்ணா.

பற்றறியிலிருந்து மணிக்குப் போகிற வயர் கழன்றிருந்தது. எலி. வேறு ஒன்றுமில்லை. திரும்பப் பூட்டினேன்.

ராத்தா போகும்போது, “எங்கட வீட்டுக்கும் இப்பிடி ஒண்டு செய்யேலாதா புள்ள? உம்மா தனிய இருக்கக்கொள்ள...” என்று கேட்டார். ஏலும் என்றேன். யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.


டிசெம்பர் 25, செவ்வாய்

பெரியம்மா பலகாரத்தோடு வந்தார். அம்மாவோடு கதைத்தார். அண்ணாவோடு கதைத்தார். என்னோடு கதைக்கவில்லை. பயத்தம் உருண்டைத் தட்டை என் பக்கமாக நகர்த்தி வைத்தார், முகத்தைப் பார்க்காமல்.

பின்னேரம் அண்ணாவிடம் கேட்டார்: “தம்பி, உந்த வைஃபையின்ர பாஸ்வேர்ட் என்ன?”

“தரலாம் பெரியம்மா. ஆனா நீங்கள் உள்ளயோ வெளியயோ எண்டு கணக்கப்பிள்ளை எழுதும்.”

“எழுதட்டும். எனக்கென்ன ஒளிப்பு மறைப்போ?”


2019 ஜனவரி 6, ஞாயிறு

அரிப்பு ஊரில் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. அண்ணா ஒரு கிழமையாக அதையே கதைத்துக்கொண்டிருந்தார். எந்த அணியில் யார் கோல் காப்பு, யாருக்கு இடது கால். போனில் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். “போனில பாத்தா நடுவரை ஏச ஏலாது” என்றார்.

பூசை முடிந்து வந்ததும் கலந்தர் நானா லாண்ட்மாஸ்டரைப் படலையில் நிறுத்தினார். சில்லுக் கதிரையோடு சேர்த்துத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினோம். தொப்பி போட்டுவிட்டேன். வெயில் ஏறினால் நனைத்துத் துடைக்கத் துணியும் தண்ணீர்ப் போத்தலும் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவும் பெட்டிக்குள் ஏறினார், பெரியம்மா கொடுத்த சாரத்தை அண்ணாவின் முழங்காலுக்கு மேலே இழுத்துச் சரி செய்துகொண்டு.

“குலுக்காம ஓட்டுங்கோ நானா.”

“றோட்டுக்குச் சொல்லு புள்ள, எனக்குச் சொல்லாத.”

பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வருகிறேன் என்று நான் நின்றுகொண்டேன். உண்மையில், இந்த வீடு அண்ணா இல்லாமல் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன். கட்டில் வெறுமை. விரிப்பில் அவர் கிடந்த பள்ளம். ஃபான் சும்மா சுற்றியது. நிறுத்தினேன்.

லப்டொப்பைப் பார்த்தேன். இவ்வளவு மாதமும் அதில் எல்லாருடைய பெயரும் உள்ளே, வெளியே என்று மாறிக்கொண்டிருந்தது. ஒரு பெயர் மட்டும் மாறியதே இல்லை, ஆஸ்பத்திரி நாட்களிலும் அந்தப் போன் வீட்டிலேயே கிடந்தது. இன்றைக்கு லாண்ட்மாஸ்டர் சத்தம் றோட்டில் தேய்ந்து போய்க் கொஞ்ச நேரம் பொறுத்து,

எமில்: வெளியே.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதிலாக, அம்மா அமத்திப் பிடித்து அனுப்பிய ஒரு குரல் செய்தி. காற்றும் இயந்திரமும் தவிர ஒன்றும் கேட்கவில்லை, நடுவில் அவர் சிரிப்பு மட்டும்.

ராத்தா வேலியால் கூப்பிடுகிறார், அவரும் போகப்போகிறாராம், வருகிறாயா என்று. கதவைப் பூட்டிக்கொண்டு நானும் போகிறேன். வீட்டில் ஒருவரும் இல்லை என்று கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.